தலைக் கிறிஸ்துமஸ்

வெளியே வரவேண்டிய சிவப்பு வெல்வெட் உள்ளேயே மாட்டிக்கொண்டது. எடுக்க வழியில்லை.

பெரியமுத்து தைத்த கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங், தையல் ஓரமெல்லாம் பிதுங்கிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று மேஜைமேல் கிடந்தது. பார்த்தால் பரிசு போடுகிற உறை மாதிரி இல்லை. முறிந்த காலுக்குப் போட்ட மாவுக்கட்டு மாதிரி இருந்தது.

"அந்தத் தையல் டீச்சர் சொன்னபடிதான் செஞ்சேன்" என்றார்.

"அவங்க சொன்னது மலையாளத்துல. உங்க காதுல என்னவா விழுந்துச்சோ" என்றாள் மனைவி சாந்தம்மாள்.

பெரியமுத்து வண்டிப்பெரியார் பக்கம் தேயிலை ஃபாக்டரியில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டர். எஸ்டேட் முழுக்கத் தமிழ் பேசும்போது மலையாளம் எதற்கு என்று, கற்காமலே ரிட்டயர் ஆனவர். மகள் செல்வப்பிரியா ஆனைக்கரை ஊர் மலையாளிப் பையன் ஜின்சனைக் கட்டிக்கொண்டதும் அந்தப் பாஷைமேல் கோபமும் சேர்ந்துகொண்டது. கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருஷமாக மகளோடு பேச்சில்லை. பேத்திக்கு ஏழு மாசம். போட்டோவில் பார்த்ததோடு சரி.

ஸ்டாக்கிங் யோசனை சாந்தம்மாளுடையது.

"பேத்திக்குத் தலைக் கிறிஸ்துமஸ். தாய்வீட்டுச் சீர் போகாட்டி நம்ம புள்ளைக்குத்தான் தலைகுனிவு."

"அவங்க பண்டிகைக்கு நாம எதுக்குடி சீர் செய்யணும்?"

"பண்டிகை அவங்களது. பேத்தி நம்மளது."

துணி வெட்டுகிற நேரம் பார்த்து அவளுக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு. பெரிதாகக் கட்டுப் போட்டுக்கொண்டாள்.

"கடையில வாங்கிரு" என்றார்.

"சீருக்குக் கடைச் சரக்கா? ஃபாக்டரியில தேயிலை ரோலரையே கழட்டி மாட்டுன ஆளு, ஒரு துணி உறை தைக்க மாட்டீங்களா?" ஒரு நம்பரை அழுத்திக் கொடுத்தாள். "தையல் டீச்சர். கேட்டுக் கேட்டுத் தைங்க."

மூன்று நாள் கேட்டார். டீச்சர் பொறுமைசாலி. வெளித்துணி எது, உள்ளே வைக்கிற லைனிங் எது, எது எதைப் பார்த்து இருக்கணும் என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"இது யாருக்கு?" என்று நடுவில் கேட்டாள்.

"பேத்திக்கு. மகளைக் கட்டிக் குடுத்த வீடு... குடுக்கலை, அவளாப் போனா. அந்தப் பையனோட ஆத்தா பொல்லாதவ. நைச்சியமாப் பேசியே எம் மகளை மயக்கிப்புட்டா."

போனில் கொஞ்ச நேரம் இருமல்.

"அவரெ கண்டிட்டுண்டோ?"

"பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதுமில்லை."

"ஓ" என்றாள் டீச்சர். "லைனிங்ல ஒரு சைடு, நாலு விரல் நீளம், அது மறிக்கான் உள்ளதா. மறக்கருது."

அவர் மறக்கவில்லை. அந்த நாலு விரல் நீளத்தை, நீராவி கசியாத அளவுக்கு மூன்று வரிசை தையல் போட்டு மறித்தார்.

விடிந்தால் கிறிஸ்துமஸ். போன் போட்டார்.

"மறிக்கச் சொன்னீங்க. மறிச்சேன். இப்ப வெல்வெட் உள்ள சிக்கிக்கிச்சு."

டீச்சர் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"சேட்டா, எங்க பாஷையில மறிக்கான்னா புரட்ட. உள்ள இருக்கறதை அந்த வழியா வெளிய புரட்டி எடுக்க. அங்க தைக்காம விடணும். நீங்க அடைச்சுட்டீங்க."

"மனுஷன் மறிக்கிறதுன்னா அடைக்கிறதுதான். உங்க பாஷையில எல்லாமே தலைகீழ்."

"கத்திரி வைக்கண்டா, வெல்வெட் போயிரும். இங்க கொண்டு வாங்க. அஞ்சு நிமிஷம். ஆனைக்கரை."

பெரியமுத்து முகம் மாறியது. மனைவியிடம் சொன்னார். "டீச்சர் வீடு வரைக்கும்தான் வருவேன். அங்கேர்ந்து மக வீட்டுக்கு நீ போ. நான் டீக்கடையில இருப்பேன்."

"சரிங்க" என்றாள் சாந்தம்மாள். இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை.

குமுளியில் பஸ் மாறினார்கள். வளைவுக்கு வளைவு சாந்தம்மாள் கம்பியைப் பிடித்தது கட்டுப் போட்ட கையால்தான். பார்த்தார். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சருக்கு அறுபது வயசிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. மூன்று வரிசைத் தையலையும் விரலால் தடவினாள்.

"நல்ல உறுதி. பாலமே கட்டலாம்."

ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகக் கிளப்பினாள். அஞ்சு நிமிஷம் அரை மணியாயிற்று. பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தாள். சிவப்பு வெல்வெட், கன்றுக்குட்டி பிறக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. திறந்த இடத்தைக் கையாலேயே தைத்து மூடி, லைனிங்கை உள்ளே தள்ளி, ஒரு தட்டுத் தட்டினாள். ஸ்டாக்கிங் ஸ்டாக்கிங்காக இருந்தது.

"வேலை தெரிஞ்ச கை" என்றார் பெரியமுத்து. ஃபாக்டரியில் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை வாங்கியவன் கிடையாது. "நாலு நாளா உங்க உசிரை வாங்கிட்டேன். பேருகூடக் கேக்கலை பாருங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு செல்வப்பிரியா நின்றாள்.

"அப்பா" என்றாள்.

பெரியமுத்து மனைவியைப் பார்த்தார். சாந்தம்மாள் சுவரில் தொங்கிய மலையாளக் காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் ஸ்டாக்கிங்கை அவர் கையில் வைத்தாள்.

"சீரை நீங்களே குடுங்க. என் பேரு திரேசியா. ஜின்சன்டெ அம்மா."