கழுதையின் ஆன்மா

“கழுதையோட ஆன்மா இன்னும் பிடிபடல முராத் பாஷா. ஒரு வாரம் பொறுங்க,” என்றார் ஓவியர் ஃபிக்ரி.

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க உஸ்தாத்,” என்றார் முராத். “துணிக்கழுதைக்குள்ள பஞ்சுதானே இருக்கு?”

குழந்தைகளின் செல்லப் பொம்மைகளை ஓவியமாகத் தீட்டித் தருவதில் அலெக்சாந்திரியாவிலேயே பெரிய ஆள் ஃபிக்ரி. அவரே சொன்னது. பிள்ளை வளர்ந்துவிடும், பொம்மை கிழிந்துவிடும், சுவரில் படமாவது நிற்கட்டும் என்று பெற்றோர் அவரைத் தேடி வந்தார்கள். ரோமில் படித்தவர். அவர் முன்னால் பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது. ‘மாடல்’ என்று சொல்ல வேண்டும்.

முராதின் ஐந்து வயது மகள் லமீஸ், அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்மூன் என்கிற அந்தக் கழுதை பக்கத்தில் இல்லாமல் அவள் தூங்கமாட்டாள். அவள் தூங்காததால் வீட்டில் யாரும் தூங்கவில்லை. கீழ்வீட்டுக்காரரும் தூங்கவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்.

“கம்மூனைக் குடுங்க மாமா.”

“கலைஞன் அவசரப்பட்டா, கண்ணு, கழுதை வெறும் கழுதையாத்தான் வரும்.”

“அது கழுதைதானே மாமா.”

ஃபிக்ரி முராதின் பக்கம் திரும்பினார். “காலை வெளிச்சம், சாயங்கால வெளிச்சம், விளக்கு வெளிச்சம், எல்லாத்துலயும் மாடலைப் பார்த்தாகணும். அதை விட்டு நான் பிரியறதே இல்லன்னா பார்த்துக்குங்க.”

“படம் எப்ப வேணாலும் வரட்டும் உஸ்தாத். கழுதையை மட்டும் இப்பக் குடுத்துடுங்க.”

“மாடல் இல்லாம வரையறதா? ரோம்ல சிரிப்பாங்க.”

“இங்க என் பொண்ணு அழுவுறா.”

உள்ளறைக் கதவு திறந்தது. ஃபிக்ரியின் மனைவி தஹானி வந்தாள். ஒரு கையில் சட்டமிட்ட ஓவியம், மறு கையில் கழுதை.

“இந்தாங்க. படம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு,” என்று ஓவியத்தை முராதிடமும் கழுதையை லமீஸிடமும் கொடுத்தாள். “தயவுசெஞ்சு ரெண்டையும் கொண்டு போயிடுங்க. இந்தக் கழுதை வந்ததுலேருந்து எனக்குப் படுக்கை சோபாவுலதான்.”

முராத் ஓவியரைப் பார்த்தார். ஓவியர் அவரைப் பார்க்கவில்லை. முட்டி நோவ மெல்லக் குனிந்து, லமீஸின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“எனக்கும் அது இல்லாமத் தூக்கம் வரமாட்டேங்குது பாப்பா,” என்றார் தாழ்ந்த குரலில். “ஒருநாள் விட்டு ஒருநாள் வச்சுக்கலாமா?”