தவக்காலத்துப் பேய்

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து வந்ததும் றொசாந்தி கணவனைக் கேட்டாள்.

"இந்தத் தவக்காலத்துக்கு ஒறுத்தலா நீங்கள் என்னத்தை விடப் போறியள்?"

"எனக்கு நல்லாப் பிடிச்ச ஒண்டை," என்றான் கொலின்ஸ்.

றொசாந்திக்கு அப்பாடா என்றிருந்தது. பேசிச் செய்த கலியாணம், ஐந்து மாதமாகியும் இருவருக்கும் கூச்சம் போகவில்லை. அவன் மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்தால் பின்னேரம் தொலைக்காட்சியில் பேய்த்தொடர்தான். அவளுக்கோ பேய் என்றாலே நடுக்கம். மனுசன் ஆசையாகப் பார்க்கிறாரே என்று, அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட இருந்து பார்ப்பாள். பிறகு லைற் போடாமல் குசினிக்குள் கால் வைக்க மாட்டாள். இனி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அந்தத் தொல்லை இல்லை.

அன்று பின்னேரம் அவள் தேத்தண்ணியோடு வந்தபோது பேய்த்தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கொலின்ஸ் வழக்கமாக இருவரும் சேர்ந்து இருக்கும் நீட்டு வாங்கை விட்டுத் தள்ளி, ஒரு கதிரையில் தனியாக இருந்தான்.

"பிடிச்சதை விடுறன் எண்டியள்?"

"ஓம், விட்டிட்டன்."

"அப்ப உது?" என்று பேயைக் காட்டினாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உது எனக்கும் பயம்தான். ஆனா உது வரேக்கை மட்டும்தானே நீர் என்ரை கையைப் பிடிக்கிறனீர். அதைத்தான் விட்டிருக்கிறன்."

"பின்னை ஏன் தனிய இருந்து பாக்கிறியள்?"

"பிடிக்காததைச் செய்யிறதும் ஒறுத்தல்தானே."

றொசாந்தி தொலைக்காட்சியை நிறுத்தினாள். இன்னொரு கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்தாள்.

"விட்டது நீங்கள்தானே," என்றாள். "நான் ஒண்டும் விடேல்லை."