குழி இல்லாத ரோடு

கிராவல் ரோட்டில் ஒரு குழிகூட இல்லை. சாலைத் தரம் பார்க்கும் ஜீப் அதை உடனே கண்டுபிடித்து, தன் இயந்திரக் குரலில் அறிவித்தது.

"தேய்மானம் பூஜ்ஜியம். யாரும் போகாத சாலை. மாலை ஆறு மணிக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்படும்."

ஆய்வாளர் தேவசகாயம் பதறிக் கீழே குதித்தான். பட்டியலில் இல்லாத சாலைக்குள் டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸ் நுழையாது. ரோடு முடியும் இடத்தில் இருப்பதோ ஒரே வீடு, பேச்சித்தாய் வீடு. போன மாசி மாதம் பாம்பு கடித்தபோது அவளை ஏற்றிப் போனது அந்த ஆம்புலன்ஸ்தான்.

பேச்சித்தாய் சிரித்தபடி எதிரே வந்தாள்.

"குழியெல்லாம் எங்கே போச்சுக்கா?"

"பத்து நாளா சரளை அள்ளிப் போட்டு நான்தான் மூடினேன் சார். வருசத்துல என் வீட்டுக்கு வர்ற ஒரே விருந்தாளி நீங்க. குலுங்காம வரட்டுமேன்னுதான்."

அவன் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னொரு தடவை அளக்கலாம். கடப்பாரை இருக்கா?"

கொளுத்தும் வெயிலில் இருவரும் மாறி மாறிக் குழி வெட்டினார்கள். ஐந்தரை மணிக்கு ஜீப் மறுபடி ஓடியது. நன்றாகவே குலுங்கியது.

"மோசமான சாலை. பயன்பாட்டில் உள்ளது. நீக்கம் ரத்து."

தேவசகாயத்துக்கு மூச்சு வந்தது. கிளம்பும்போது பேச்சித்தாய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோடு மோசமா இருந்தா எப்ப வருவீக சார்?"

"அடுத்த மாசமே வந்து பார்க்கணும்க்கா."

"ரொம்ப மோசமா இருந்தா?"

"வாராவாரம்."

வளைவில் திரும்பும்போது அவன் கண்ணாடியில் பார்த்தான். பேச்சித்தாய் தனியாக நின்று மறுபடியும் கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தாள்.