செல்லம், விளக்கு போடு

“தொண்டை கிழியக் கத்தினாலும் அது உனக்கு எரியாது. எத்தனை தடவைதான் சொல்றது?”

செருப்பைக் கழற்றியபடியே கணவன் கேட்டான். மாலை ஆறரை மணி. ஹால் இருட்டாக இருந்தது. மனைவி சமையலறை வாசலில், உள்ளேயிருந்து விழுந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“செல்லம், விளக்கு போடு” என்றான் அவன்.

பளிச்சென்று ஹால் விளக்கு எரிந்தது.

செல்லம் என்பது மனைவி இல்லை. அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்த, சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு கம்ப்யூட்டர். அதன் பக்கவாட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு யு.எஸ்.பி. மைக் செருகியிருந்தது. கடையில் இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்கியது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவன் அவளை ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தக் கொடுப்பினை அந்தத் துக்குணியூண்டு பெட்டிக்குத்தான் வாய்த்தது.

அவளுடைய அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். நாற்பது நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது, ஹாலில் சுவிட்சே இல்லை. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியைத் திருகி வைத்திருந்தான். “சுவிட்செல்லாம் பழைய காலம்” என்று பெருமை வேறு. அன்றிலிருந்து அவன் ஆபீஸிலிருந்து வரும்வரை அவளுக்கு ஹாலில் இருட்டுதான்.

“என் குரலையும் அதுல சேர்த்துடுங்களேன்.”

“சின்னக் கம்ப்யூட்டர்டி அது. ஒரு ஆள் குரலைத்தான் தாங்கும். மைக்கும் மட்டமான மைக். உன் கீச்சுக்குரல் அதுல ஏறவே ஏறாது.”

“அப்ப அந்த சுவிட்சையாவது திரும்ப மாட்டிக் குடுங்க.”

“சனிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து இதைப் பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள உனக்கு சுவிட்ச் வேணுமாக்கும்!”

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் வேலைக்குப் போனபிறகு தினமும் அந்த மைக் முன்னால் போய் நிற்பாள். கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், அவனைப் போலவே குரலைக் கட்டையாக்கியும் சொல்லிப் பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை. தன் வீட்டில் ஒரு விளக்கைப் போடக்கூடத் தனக்கு வக்கில்லையா என்று அழுகை வந்தது.

சனிக்கிழமை மாலை மூன்று பேர் வந்தார்கள். ரிட்டயர் ஆகப்போகிற மேனேஜர், ஸ்டோர்கீப்பர், தபால் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். “கை கழுவணும். எந்தப் பக்கம்க்கா?” என்று அந்தப் பெண் கூச்சத்தோடு கேட்டாள். மனைவிதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அடக்கமான பெண் என்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கணவன் விளக்கைப் போட்டுக் காட்டினான். அணைத்துக் காட்டினான். மேனேஜருக்கு வாய் பரபரத்தது.

“இருய்யா, நான் சொல்றேன். செல்லம்... விளக்கு போடு!”

ஒன்றும் நடக்கவில்லை.

“வீட்டுக்காரிகிட்டகூட நான் இவ்வளவு குழைஞ்சதில்லைய்யா!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர்கீப்பர் மைக்கை முழுங்கிவிடுவது போல வாயைக் கொண்டுபோய்க் கத்தினார். ஹால் இருட்டாகவே இருந்தது.

“உங்களுக்கெல்லாம் எரியாது சார்” என்றான் கணவன், நெஞ்சை நிமிர்த்தி. “இதே ஹால்ல, இதே மைக்ல, ஐம்பது தடவை சொல்லிப் பதியணும். போன்ல பேசி அனுப்பினாகூட ஏத்துக்காது. இங்கேயே நின்னு சொல்லணும்.”

“வீட்டம்மாவுக்காவது எரியுமா?”

“எனக்கும் எரியாதுங்க. அவர் குரல் ஒண்ணைத்தான் அதுக்குத் தெரியும்.”

சிரித்துக்கொண்டே சொல்லத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. நல்லவேளை, இருட்டில் யாரும் முகத்தைக் கவனிக்கவில்லை.

சமையலறை வெளிச்சத்தை வைத்தே டீ கொண்டுவந்தாள். சோபாவின் ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. இன்னொரு பெண்ணுக்கும் எரியாமல் போனால் தனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று மனைவிக்குத் தோன்றியது.

“நீங்களும் ஒரு தடவை சொல்லுங்களேன். நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி ஆயிடலாம்.”

“ஐயோ, எனக்கு வேணாம்க்கா.”

“அவங்களை ஏன் தொந்தரவு பண்றே? டீயைக் குடு, ஆறிடப் போகுது” என்றான் கணவன் வெடுக்கென்று.

மேனேஜர் விடவில்லை. “நானே செல்லம் கொஞ்சியாச்சு, உனக்கென்னம்மா வெட்கம்? சும்மா சொல்லு.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். உதடு பிரியாமல், பக்கத்தில் இருப்பவருக்கே அரைகுறையாகக் கேட்கும் குரலில் முணுமுணுத்தாள்.

“செல்லம், விளக்கு போடு.”

பளிச்சென்று ஹால் விளக்கு எரிந்தது.

கைதட்டப் போன ஸ்டோர்கீப்பர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மனைவி டீத் தட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

“இங்கேயே நின்னு ஐம்பது தடவை சொல்லணுமாமே... அந்த நாற்பது நாள்ல நீங்க எத்தனை நாள் வந்தீங்க?”