வேட்டியின் நிறம்

"ஏன்னா, பீட்ரூட்டைத் துருவட்டுமா, நறுக்கட்டுமா?"

புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்று கேட்டாள் ராஜலக்ஷ்மி. திரையில் அவள் கொண்டையின் நிழல் பெரிதாக விழுந்தது.

வீட்டுக் கூடத்தில் கூடியிருந்த யாதவகிரி காமிரா சங்கத்தினர் 'உச்' கொட்டினார்கள்.

"நறுக்கு" என்றார் அவள் கணவர் யக்ஞநாராயணன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "சிவப்பு ஏறியிருக்கு. தள்ளுபடி."

தோற்றது ஜகதீசனின் ஜெர்மன் கண்ணாடி.

லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற சாம்பல் கண்ணாடி அது. வெளிச்சத்தைக் குறைக்கும். அதனால் நிதானமாகப் படம் எடுக்கலாம். பிருந்தாவனத்து நீரூற்று பட்டுத்துணி மாதிரி விழும். ஆனால் எந்த நிறத்தையும் தன் பங்குக்குச் சேர்க்கக் கூடாது. யாருடைய கண்ணாடி சுத்தமோ, அவர் எடுக்கும் படம்தான் தசரா கண்காட்சிக்குப் போகும்.

சோதனைக்கு அப்பழுக்கில்லாத வெள்ளை வேண்டுமே! யக்ஞநாராயணனின் வேட்டியைக் கொடியில் காயப்போட்டு, ஒவ்வொரு கண்ணாடி வழியாகவும் கலர் ஸ்லைடு எடுத்து, பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வரவழைத்திருந்தார்கள். இப்போது அந்த வேட்டியையே திரையாகக் கட்டி, அதன் மேல் அதன் படத்தையே விழ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. தீர்ப்பு வரும்வரை எவரும் எந்த நிறத்தின் பெயரையும் உச்சரிக்கக் கூடாது. ஒருமுறை யாரோ "நீலம்" என்று சொல்லப்போய், இன்னொருவரின் சட்டை கிழிந்தது. அன்றிலிருந்து தீர்ப்பு சொல்ல ஒரே ஆள், ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்த யக்ஞநாராயணன். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்க மாட்டார்.

ஜகதீசன் எழுந்தார்.

"சார், இது சங்கமா, சமையல்கட்டா? போன கூட்டத்துல மோர். அதுக்கு முன்னாடி கீரை. இன்னைக்கு பீட்ரூட். நீங்க கண்ணைத் திரையில வைக்கிற நேரம் பார்த்து மாமி வந்துடறாங்க. என்னுது ஜெர்மன் சாமான்! அதுல சிவப்பு எங்கேர்ந்து வரும்?"

"உங்களுக்கு வேணும்னா ஒரு டம்ளர் மோர்…" என்றாள் ராஜலக்ஷ்மி.

"பேடா மாமி, எதுவும் வேண்டாம்! அடுத்த ஸ்லைடு முடியறவரைக்கும் உள்ளேயே இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தபடியே உள்ளே போனாள். ஜகதீசன் கதவைச் சாத்தித் தாழும் போட்டார்.

மிஞ்சியது இஸ்ரவேலின் ஸ்லைடு.

பள்ளி ஆசிரியர் இஸ்ரவேல் ஒரு பழைய கூலிங்கிளாஸை வாங்கி, மாதக்கணக்கில் தேய்த்துத் தன் கண்ணாடியைத் தானே செய்திருந்தார். "நான் அம்மியில அரைச்சதைவிட நீங்க அரைச்சது அதிகம்" என்று அவர் மனைவி ஹில்டா கேலி செய்தும் விடவில்லை. கண்காட்சியில் தன் பெயர் போட்ட படம் ஒன்று தொங்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

ஸ்லைடு விழுந்தது. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

யக்ஞநாராயணன் முன்னால் சாய்ந்து பார்த்தார். எழுந்து கிட்டே போனார். வேட்டியைத் தொட்டுக்கூடப் பார்த்தார். பிறகு சமையலறைக் கதவைப் பார்த்தார்.

"என்ன சார், உங்க வேட்டியே உங்களுக்கு அடையாளம் தெரியலையா?" என்றார் ஜகதீசன்.

சிரிப்பு எழுந்தது.

"சித்த பொறும் ஐயா."

அவர் நெற்றியில் வியர்வை. சிரிப்பு நின்றுவிட்டது. தங்கள் எல்லோருக்கும் தெரிவது இவருக்கு ஏன் தெரியவில்லை என்று அவர்கள் அவரையே பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இது வந்து… சுத்…"

இஸ்ரவேல் அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

"குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும் சார். இன்னைக்கு எங்க வீட்ல கீரை."

"போச்சுடா! மாமியோட வியாதி இவருக்கும் தொத்திக்கிச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஜகதீசன்.

யக்ஞநாராயணன் இஸ்ரவேலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையின் பக்கம் திரும்பினார்.

"பச்சை. லேசாத்தான். ஆனாலும் பச்சை. தள்ளுபடி."

கைதட்டல்.

"பார்த்தீங்களா, மாமி இல்லைன்னா சார் கண்ணு எப்படி வேலை செய்யுதுன்னு!" என்றார் ஜகதீசன், வெற்றியோடு.

ஒரு கண்ணாடியும் தேறாததால், பிருந்தாவனம் இந்த வருடம் கறுப்பு வெள்ளையிலேயே போகட்டும் என்று முடிவாயிற்று. அதை யார் எடுப்பது என்று உடனே சண்டை ஆரம்பித்தது.

யாரோ தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே ராஜலக்ஷ்மி ஒரே ஒரு டம்ளர் மோரோடு வந்து இஸ்ரவேலிடம் நீட்டினாள்.

"அவரை ரயில்வேல கார்டு வேலைக்கு எடுக்கலை" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் அவர் கண்ணுக்கு ஒண்ணுதான். இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

இஸ்ரவேல் மோரைக் குடித்து முடித்தார்.

"நல்ல மோரும்மா."

"நிஜமாவே உங்க வீட்ல இன்னைக்குக் கீரையா?"

"மீன் குழம்பும்மா."