முப்பது விநாடி

பாலத்தின் கீழே ஆறு பொன்னாகிக்கொண்டிருக்கிறது. இந்த வெளிச்சத்துக்காகத்தான் கைக்குழந்தையோடு கடல் தாண்டி வந்தேன்; மிஞ்சிப்போனால் நான்கு நிமிடம் நிற்கும். நீரோட்டம் பட்டுத்துணிபோல் படத்தில் விழ, கேமரா முப்பது விநாடி அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்றில் ஸ்டாண்டு ஆடாமலிருக்க அதன் நடுக்கொக்கியில் கனமாக எதையாவது தொங்கவிடுவது வழக்கம். என்னிடம் கனமாக இருப்பது பிள்ளைகளின் பை ஒன்றுதான்; அதை மாட்டுகிறேன். பட்டனை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பத்தாவது விநாடியில் சின்னவள் வீறிடுகிறாள். கணவர் பைக்குள் கையைவிட்டுப் பால் புட்டியை உருவுகிறார். படத்தில் பாலம் இரண்டாகத் தெரிகிறது. “கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?” “பசிக்குதுன்னு அழுறா, நான் என்ன பண்றது?” மறுபடி அழுத்துகிறேன். இப்போது பெரியவன் தோள்வரைக்கும் பைக்குள் நுழைந்திருக்கிறான். “அம்மா, பிஸ்கட் எங்க?” “என் தலையில இருக்கு!” கத்திய பிறகுதான் திரும்பிப் பார்க்கிறேன். பிதுங்கிய உதட்டின்மேல் அதே பொன் வெளிச்சம். அதைப் படமெடுக்கக் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றுவதற்குள் அவன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறான். “விடு, நாளைக்கு எடுத்துக்கலாம்” என்கிறார் கணவர். “நாளைக்கு இந்நேரம் ஃப்ளைட்ல இருப்போம்.” ஆறு சாம்பல் நிறமாகிவிட்டது. வயிறு நிறைந்த இருவரும் சிலைபோல் உட்கார்ந்திருக்கிறார்கள். பையை மறுபடி கொக்கியில் மாட்டுகிறேன். பாலும் பிஸ்கட்டும் தீர்ந்து, மிச்சமிருக்கும் இரண்டு டயப்பரோடு அது காற்றில் பட்டம்போல் ஆடுகிறது.