ஒரு மருத்துவச் சான்றிதழ்

"நீங்க கையெழுத்துப் போட்டா போதும் டாக்டர். என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு."

ஓஸ்கரி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். பத்தொன்பது வயதில் பின்லாந்தின் ஔலு நகர ஐஸ் ஹாக்கி அணியில் இடம் பிடித்தவன். நாளை அரையிறுதி ஆட்டம்.

"பொய் எழுதச் சொல்றியேப்பா," என்றார் டாக்டர் சிர்க்கா, அவனுடைய முழங்கால் ஸ்கேனைப் பார்த்தபடி. "உங்க கோச்சுகிட்ட பேசிப் பாரேன்."

"பேசிட்டேன். அவர் காதுலயே போட்டுக்கல."

"அப்பாகிட்ட?"

"பத்து வருஷமா பனியில காரை ஓட்டி என்னைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனவரு. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? கெஞ்சிக் கேக்கறேன் டாக்டர்."

சிர்க்கா ஸ்கேனை மேசைமேல் வைத்தார்.

"உன் முழங்கால்ல ஒரு குறையும் இல்ல. இனிமே உன்னால விளையாடவே முடியாதுன்னு நான் எப்படி எழுதறது?"

ஓஸ்கரி தலையைக் குனிந்துகொண்டான்.

"இதே ஆஸ்பத்திரியில மூணாவது மாடியில யோனாஸ் படுத்திருக்கான். எதிரணிப் பையன். போன வாரம் ஆட்டத்துல நான் மோதினதுல விழுந்தவன். விதிப்படிதான் மோதினேன்னு எல்லாரும் முதுகுல தட்டிக் கொடுக்கறாங்க. அவனால கால் விரலைக்கூட அசைக்க முடியல டாக்டர்."

சிர்க்கா ஸ்கேனை உறைக்குள் வைத்தார். பிறகு ஒரு சான்றிதழ்த் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"நீ கடைசியா எப்ப தூங்கினே?"

"அவன் விழறதுக்கு முந்தின ராத்திரி."